தச்சுப் பட்டறையில் சிக்கனப் பிடிமானங்கள்

(பஞ்சாயத்து உறுப்பினரும் விவசாயிகளும் கலந்துகொண்ட கிராமத் தொழிற் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



விதை, உரம், பாசனம் ஆகியவற்றைப் பற்றி இம்முகாமில் பலரும் விரிவாக உரைத்தனர். நாம் இப்பொழுது எடுத்துக்கொள்ளும் பொருள் அவற்றைப்போல் பெரிதாகத் தோன்றாது. ஊர்த் தச்சரின் பட்டறையில் உள்ள மேசை ரம்பத்திற்கு வேண்டிய சில மரத்துண்டுகளையும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் எளிய சாதனங்களையும் பற்றியே பேச முற்படுகிறோம். ஆயினும் நம் வீட்டுக் கதவும், நம் தோட்டத்துத் தேனீப் பெட்டியும் அளவு பிசகாமல் அமைவதும், அவற்றைச் செய்து தரும் தச்சரின் விரல்கள் பத்தும் பத்தாகவே நிலைப்பதும் இச்சிறு பொருள்களைப் பொறுத்தே உள்ளன.

ரம்பமும் அணைசட்டமும்

முன்னாளில் மரத்தை நெடுக அறுப்பது இருவர் வேலையாக இருந்தது. குழியின் மேல் கட்டையைக் கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று பெரிய வாளை இழுத்து அறுத்தனர். வட்ட வடிவான வாள் 1777ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பார் பெற்ற காப்புரிமையில் குறிக்கப்பட்டுள்ளது. எனினும், மின்சாரம் கிராமங்களை எட்டிய பின்னரே அது நம் ஊர்ப் பட்டறைகளில் இடம்பெற்றது.

இன்று நாம் ஊர்களில் காணும் மேசை ரம்பங்கள் இருவகையின. ஒன்று, தொழிற்சாலையிற் செய்து கடையில் விற்கப்படும் இரும்பு அல்லது அலுமினிய மேசை. மற்றொன்று, தச்சர் தாமே அமைத்துக்கொள்வது. கையிற் பிடித்து அறுக்கும் மின்ரம்பத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒட்டுப்பலகையாலான மேசையின் அடியிற் பொருத்தி, பல் மட்டும் மேலே தெரியும்படி செய்வது இரண்டாம் வகை. சிறு பட்டறைகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. செலவு குறைவு என்பதால் தச்சர் இதனை நாடுவது இயல்பே.

இருவகை மேசையிலும் ரம்பத்திற்கு இணையாக ஒரு நேர்ச்சட்டம் இருத்தல் வேண்டும். பலகையின் ஓரத்தை அதில் அணைத்தவாறு தள்ளிக்கொண்டு சென்றால், வேண்டிய அகலத்திற்குப் பலகை நேராக அறுபடும். இதனைத் தச்சர் ‘கைடு’ என்றும் ‘பென்ஸ்’ என்றும் வழங்குவர். நாம் இதனை அணைசட்டம் எனக் கூறுவோம். கடை மேசையில் இது மேசையுடனேயே வருகிறது. தச்சர் தாமே செய்த மேசையிலோ, நேரான ஒரு ரீப்பர்க் கட்டையை இரண்டு கிளாம்புகளால் இறுக்கினால் அதுவே அணைசட்டம். கிளாம்பு இல்லாதவர் ஆணி அடித்து நிறுத்துகின்றனர். அளவை மாற்றும்போதெல்லாம் ஆணியைப் பிடுங்கி மீண்டும் அடிக்க நேர்வதால், இறுதியில் சட்டமே இன்றிக் கைநிதானத்தால் அறுக்கத் தலைப்படுகின்றனர். விபத்துக்கு வழி இங்கேதான் திறக்கிறது.

விபத்து நேரும் விதம்

ரம்பத்தின் முற்பற்கள் மரத்தை மேசையின்மேல் கீழ்நோக்கி அழுத்துகின்றன. பிற்பற்களோ மேசைக்கு அடியிலிருந்து மேலெழுந்து, அறுப்பவரை நோக்கிச் சுழல்கின்றன. அணைசட்டம் பின்முனையில் சிறிது உள்ளே சாய்ந்திருந்தாலும், வேலையின் நடுவே நழுவினாலும், பலகை சட்டத்திற்கும் ரம்பத்திற்கும் இடையே நெருக்குண்டு பிற்பற்களில் மாட்டிக்கொள்ளும். மாட்டிய கணமே ரம்பம் அதனைத் தூக்கி, அறுப்பவர் மார்பை நோக்கி எறியும். 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரம்பம் நிமிடத்திற்கு 2,800 சுற்றுச் சுழலுமாயின், அதன் பல்முனை மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அவ்வேகத்தில் எறியப்படும் கட்டையினின்று விலக எவருக்கும் அவகாசம் இராது. மரம் எறியப்படும்போது அதனைத் தாங்கிய கை பிடி இழந்து ரம்பத்தின்மேல் விழுவதும் உண்டு.

இஃது அறியாமையால் மட்டும் நேர்வதன்று. இயந்திரத் தொழிலில் முன்னேறிய அமெரிக்க நாட்டில், மேசை ரம்பத்தால் காயமுற்று மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வருவோர் ஆண்டொன்றுக்கு 30,000 பேருக்கு மேல் என அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. விரல் பட்ட மாத்திரத்தில் மின்குறிப்பால் உணர்ந்து, கண் இமைப்பதற்குள் ரம்பத்தை நிறுத்திவிடும் பொறியினை ஸ்டீபன் காஸ் என்னும் அமெரிக்கர் 1999இல் உருவாக்கினார். அத்தகைய ரம்பங்கள் 2004 முதல் விற்பனைக்கு வந்தன. அவற்றின் விலையோ நம் கிராமத் தச்சருக்கு எட்டாதது.

நம் நாட்டில், இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு அமைத்தல் வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 21ஆம் பிரிவில் விதித்தது. மின்விசையைக் கொண்டு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களை நோக்கி வகுக்கப்பட்ட சட்டம் அது. தகப்பனும் மகனும் மட்டும் உழைக்கும் ஊர்ப் பட்டறைக்குள் ஆய்வாளர் வருவதில்லை. ஆகவே அங்குள்ள கைகளைக் காக்கும் கடமை ஊராரையும் தச்சரையுமே சார்ந்தது.

பிடிமானமே முதற்பொருள்

விலையுயர்ந்த ரம்பம் இல்லாவிடினும், மரத்தை அது போகவேண்டிய வழியில் அசையாது பிடிப்பதற்கும், கையை ரம்பத்தினின்று ஒரு சாண் தொலைவில் நிறுத்துவதற்கும் நம்மால் இயலும். இதற்குத் தேவையானவை நான்கு ஜி-கிளாம்புகள், சில போல்ட்டுகளும் விங் நட்டுகளும், பட்டறையின் மூலையில் கிடக்கும் கழிவுக் கட்டைகள் ஆகியவையே. நான்கங்குல ஜி-கிளாம்பு ஒன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

கிளாம்பு வாங்க இயலாத இடத்தில் ஆப்பு இருக்கவே இருக்கிறது. ஆப்பின் திறம் விவசாயிகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று. கலப்பையில் ஏர்க்காலை இறுக்குவதும், மண்வெட்டிக் காம்பு கழலாமல் நிற்பதும் ஆப்பினாலன்றோ? எட்டங்குல நீளத்திற்கு ஓரங்குலம் சரிவாகச் செதுக்கிய கடின மர ஆப்பு, அடித்த இடத்திலேயே நிற்கும். சரிவு மிகுந்தால் அதிர்ச்சியில் நழுவிவிடும். கருவேலம், புளி முதலிய மரங்கள் ஆப்புக்கு ஏற்றவை.

ஆப்பைப் பயன்படுத்த ஒரு சேணம் செய்துகொள்ளலாம். மாட்டின் முதுகில் பொதி இருபுறமும் தொங்குவதுபோல, அணைசட்டத்தின் மேல் கவிழ்ந்து இருபக்கமும் இறங்கும்படி மூன்று பலகைத் துண்டுகளைத் திருகாணியால் இணைக்க வேண்டும். ரம்பம் இல்லாத பக்கத்தில் ஓர் ஆப்பு நுழையும் அளவு இடைவெளி விட்டு, அதில் ஆப்பை அடித்தால் சேணம் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். கீழே நாம் கூறப்போகும் பலகைகளை இச்சேணத்தின்மேல் பொருத்தலாம். கிளாம்பாயினும் சேணமாயினும், பிடிக்கும் முகத்தில் பழைய சைக்கிள் டியூப்பின் துண்டொன்றை ஒட்டிவிட்டால் வழுக்காது. அதிர்வினால் எளிதில் தளரவும் செய்யாது.

ஐந்து துணைச் சாதனங்கள்

முதலாவது, அணைசட்டத்தின் பின்முனைக் கட்டு. மலிவான மேசைகளில் சட்டம் முன்முனையில் மட்டுமே இறுகும். பின்முனை பக்கவாட்டில் அசையும். அம்முனையை மேசையோடு சேர்த்து ஒரு கிளாம்பால் இறுக்குதல் வேண்டும். இறுக்குமுன், ரம்பத்தின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் சட்டம் எவ்வளவு தொலைவு என்று அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் சமமாக இருத்தல் நலம். பின்புறம் அரை மில்லிமீட்டர் அகன்றிருப்பினும் குற்றமில்லை. பின்புறம் குறுகியிருத்தல் மட்டும் ஒருபோதும் ஆகாது.

இரண்டாவது, முகப்பலகை. கடையில் வாங்கிய அலுமினியச் சட்டம் உள்ளே கூடாக இருப்பதால், கிளாம்பைப் போட்டால் நசுங்கும். அல்லது கிளாம்பு பற்றுவதற்கு இடமே இராது. நான்கங்குல உயரமும் முக்காலங்குலக் கனமும் உள்ள நேரான பலகையொன்றைச் சட்டத்தின் முகத்தில் இரண்டு போல்ட்டுகளால் இணைத்துவிட்டால், அதன் மேல்விளிம்பில் எங்கு வேண்டுமாயினும் கிளாம்பு பிடிக்கும். போல்ட்டின் தலை பலகைக்குள் முழுதும் பதிந்திருத்தல் வேண்டும். துருத்திக்கொண்டிருப்பின் மரம் அதில் இடறும்.

மூன்றாவது, சீப்புப் பலகை. ஐந்தினுள் மிகப் பயன் தருவது இதுவே. நேரான ரேகையுள்ள தேக்கு அல்லது பூவரசுத் துண்டொன்றை, நான்கங்குல அகலமும் ஒன்றரை அடி நீளமும் உள்ளதாக எடுத்துக்கொள்க. அதன் ஒரு முனையைச் சுமார் 30 பாகை சாய்வாக அறுக்க. அச்சாய்ந்த முனையிலிருந்து உள்நோக்கி, மரத்தின் ரேகைக்கு இணையாக, இரண்டங்குல ஆழத்திற்கு வரிசையாகக் கைவாளால் கீறல்களை இடுக. கீறல்களுக்கு இடையே நிற்கும் ஒவ்வொரு பல்லும் ஒன்று முதல் இரண்டு நூல் கனமாக அமையட்டும். ஒட்டுப்பலகையில் இதனைச் செய்தல் கூடாது; அதன் ஏடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் பற்கள் வளையாமல் ஒடியும்.

இச்சீப்பினை மேசையின்மேல் படுக்க வைத்து, பற்கள் மரம் செல்லும் திசையை நோக்கிச் சாய்ந்திருக்கும்படியும், அறுக்கும் பலகையை அணைசட்டத்தோடு மெல்ல அழுத்தும்படியும் இறுக்குதல் வேண்டும். முன்னே தள்ளினால் மரம் தடையின்றிச் செல்லும். பின்னே இழுத்தால் பற்கள் கடித்து நிறுத்தும். இதுவே சோதனை. ரம்பம் மரத்தைத் திருப்பி எறிய முயலும்போது இப்பற்களே அதனைத் தடுக்கின்றன. ஆனால் சீப்பு முழுவதும் ரம்பத்தின் முன்பல்லுக்கு முன்னதாகவே முடிந்துவிடல் வேண்டும். ரம்பத்திற்கு நேரே வைத்தால், அறுத்த பிளவை அது நெருக்கி, எந்த விபத்தைத் தடுக்க வைத்தோமோ அதனையே வருவித்துவிடும். இன்னொன்று: ஒரே கிளாம்பால் இறுக்கிய சீப்பு அந்தப் புள்ளியையே அச்சாகக் கொண்டு திரும்பிவிடும். இரண்டு இடங்களில் இறுக்குதல் அவசியம். ஒட்டுப்பலகை மேசையாயின், ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இட்டு, அடியிலிருந்து போல்ட்டைச் செலுத்தி, மேலே விங் நட்டால் திருகிக்கொள்ளலாம். இரண்டு கிளாம்புகளின் விலை மிச்சமாகும். மற்றொரு சீப்பினை முகப்பலகையில் கட்டி, மரத்தை மேலிருந்து மேசையோடு அழுத்தும்படியும் செய்யலாம்.

நான்காவது, தடைக்கட்டை. ஒரே நீளத்தில் பல துண்டுகளைக் குறுக்கே அறுக்கும்போது, அணைசட்டத்தையே அளவாகக் கொண்டு, மரத்தின் முனையை அதில் முட்டவைத்து அறுப்பவர் பலர். அறுபட்ட துண்டு சட்டத்திற்கும் சுழலும் ரம்பத்திற்கும் நடுவே சிக்கி, அம்புபோல் பாயும். இதற்கு மாற்று எளிது. சரியாக ஓரங்குலக் கனமுள்ள கட்டையொன்றை, ரம்பத்திற்கு வெகுவாக முன்னால் சட்டத்தின்மேல் கிளாம்பால் இறுக்குக. மரத்தின் முனையை அதில் முட்டி அளவு பார்த்தபின், மேசைக் காடியில் சறுக்கும் குறுக்குத் தாங்கியோடு சேர்த்து முன்னே தள்ளுக. ரம்பத்தை அடையுமுன் மரம் கட்டையைக் கடந்துவிடும், அறுபட்ட துண்டுக்கும் சட்டத்திற்கும் இடையே ஓரங்குல வெளி எஞ்சும், சிக்குவதற்கு வழியில்லை. பன்னிரண்டங்குலத் துண்டு வேண்டுமாயின் சட்டத்தைப் பதின்மூன்றங்குலத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

ஐந்தாவது, தள்ளுகட்டை. சீப்பு பிடித்துக்கொள்ள, மரத்தின் பின்முனையைத் தள்ளுவதற்குக் கைக்குப் பதிலாக நீளும் கட்டை இது. இஸ்திரிப் பெட்டியின் பிடிபோல் மேலே கைப்பிடியும், அடியில் மரத்தின் முனையைக் கவ்வும் ஒரு சிறு குதியும் இருந்தால் போதும். இது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லாவிட்டால் எவரும் தேடி எடுக்கமாட்டார். ஆதலால் முகப்பலகையின் பின்புறத்தில் ஒரு கொக்கி அடித்து அதில் தொங்கவிடுதல் நன்று.

இவ்வைந்தும் ரம்பத்தை நிறுத்துவன அல்ல; கையையும் ரம்பத்தையும் பிரித்து வைப்பன. ரம்பத்தின் மேல்மூடியையும், பின்னால் பிளவினுள் நிற்கும் தகட்டையும் இவற்றின் பேரால் கழற்றிவிடுதல் தகாது. பல் மரத்திற்கு மேல் ஒன்றிரண்டு நூல் மட்டுமே தெரியட்டும். எந்தக் கிளாம்பைத் தளர்த்துவதாயினும் முதலில் மின்பிளக்கைப் பிடுங்கிவிடுக. தோளில் துண்டும், கையில் உறையும், தொளதொளத்த சட்டைக் கையும் ரம்பத்தருகே ஆகா. கல் அறுக்கும் சிறு இயந்திரத்தில் மரம் அறுக்கும் தகட்டை மாட்டி மேசையின் அடியிற் கட்டுவோர் உளர். அவ்வியந்திரம் நிமிடத்திற்குப் பன்னீராயிரம் சுற்று வரை சுழலக்கூடியது. தகட்டின்மேல் பொறித்துள்ள உச்ச வேகம் அதற்குக் குறைவாயின், அதனைப் பயன்படுத்தவே கூடாது.

அளவும் வருமானமும்

பிடிமானத்தால் விளையும் நன்மை பாதுகாப்போடு முடிவதில்லை. தேனீப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். தென்னாட்டில் பாதிரியார் நியூட்டன் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியத் தேனீக்கேற்ப வகுத்த பெட்டியே அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனீ வளர்ப்பு பல குடும்பங்களுக்குத் துணைத்தொழிலாக வேரூன்றியது. இப்பெட்டிகளின் உயிர்நிலை, சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே விடும் தேனீ இடைவெளி ஆகும். அவ்விடைவெளியின் அருமையை 1851இல் லாங்ஸ்டிராத் என்னும் அமெரிக்கர் உணர்ந்து வெளிப்படுத்தினார். இந்தியத் தேனீக்கு அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். இடைவெளி மிகுந்தால் தேனீக்கள் அதில் அடை கட்டிச் சட்டங்களை ஒன்றாகப் பிணைத்துவிடும். குறைந்தால் நடமாட இயலாது.

ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. அணைசட்டம் வேலையின் நடுவே ஒரு நூல் நழுவினால், அன்று அறுத்த சட்டங்கள் அனைத்தும் விறகாகும். சட்டத்தின் இருமுனையையும் இறுக்கி, தடைக்கட்டையும் சீப்பும் வைத்து அறுப்பவரோ, காலையில் ஒருமுறை அளந்து மாலைவரை ஒரே அளவில் அறுத்துக் குவிக்கலாம். கிளாம்புக்கு இட்ட பணம் முதல் வேலையிலேயே திரும்பிவிடும்.

விவசாயிகள் செய்யவேண்டுவது

மரம் கொடுப்பவர்கள் நீங்கள். வெட்டி வீழ்த்திய வேம்பையும் மாவையும் ஈரம் உலராமலே பட்டறைக்கு அனுப்புதல் வேண்டா. ஈரமரம் அறுபடும்போதே பிளவு மூடி ரம்பத்தைக் கவ்வும். பழைய கதவுநிலை, வண்டிப்பலகை ஆகியவற்றைக் கொடுப்பதாயின் ஆணிகளைப் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள். பட்டையோடு கூடிய உருண்டைக் கட்டையை மேசை ரம்பத்தில் அறுக்குமாறு தச்சரை வற்புறுத்தாதீர்கள். மேசையிற் பதியும் தட்டையான அடியும், சட்டத்தில் அணையும் நேரான ஓரமும் இல்லாத மரத்தை எந்தப் பிடிமானமும் காக்காது. “மாலைக்குள் வேண்டும், மேஸ்திரி” என்று பட்டறை வாசலில் நின்று அவசரப்படுத்துவதும் வேண்டா. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவன சீப்பும் தள்ளுகட்டையுமே.

பஞ்சாயத்துகள் செய்யவேண்டுவது

பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவதாக, தத்தம் ஊரில் எத்தனை மேசை ரம்பங்கள் உள்ளன, அவற்றில் எத்தனைக்கு இருமுனையும் இறுகிய அணைசட்டம் உண்டு என்பதைப் பட்டறை தோறும் சென்று அறிந்து வாருங்கள். குறை காணச் செல்வதாக எண்ணாது, உதவச் செல்வதாகத் தச்சர் உணரும்படி நடந்துகொள்ளுதல் முக்கியம். இரண்டாவதாக, அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தின் மரவேலைப் பிரிவு மாணவர்களைக் கொண்டு இவ்வைந்து சாதனங்களிலும் ஒவ்வொரு மாதிரி செய்வித்து, பஞ்சாயத்து அலுவலகத்தில் வையுங்கள். தச்சர் அதனைப் பார்த்து அளவெடுத்துத் தாமே செய்துகொள்வர். ஏட்டில் படிப்பதினும் கையில் எடுத்துப் பார்ப்பது எளிது. மே முதல் நாள் உழைப்பாளர் தினத்தன்று கூடும் கிராம சபை, இம்மாதிரிகளை ஊரார் முன் காட்டுவதற்கு ஏற்ற இடம்.

மூன்றாவதாக, ரம்பம் வாங்கக் கடனுக்கு விண்ணப்பிக்கும் தச்சருக்கு வழிகாட்டுங்கள். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற கலைஞர் கைவினைத் திட்டம், மரவேலையையும் உள்ளடக்கி, மானியத்துடன் கூடிய கடனுக்கு வழி செய்தது. இத்தகைய உதவியை நாடுவோர் விலைப்பட்டியலில் ரம்பத்தை மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். நான்கு கிளாம்புகளையும் மேல்மூடியையும் அதே பட்டியலில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மொத்தத்தில் அஃது ஒரு சிறு பகுதியே ஆகும்.

இவ்வளவுக்குப் பின்னும் விபத்து நேரிடின், துண்டான விரலைத் தூய ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, 108 ஊர்தியில் நோயாளியுடனேயே அனுப்புதல் வேண்டும். விரலை நேரே பனிக்கட்டியில் வைத்தல் கூடாது. பட்டறைச் சுவரில் இதனை எழுதி ஒட்டுவது நலம்.

நண்பர்களே! ஒரு தச்சர் தம் பெருவிரலை இழந்தால், உளியும் இழைப்புளியும் அவர் கையில் நில்லா. அவர் குடும்பம் வருவாய் இழக்கிறது. ஊர் ஒரு தொழிலாளியை இழக்கிறது. அவர் மகன் அத்தொழிலைக் கற்க அஞ்சி வேறிடம் செல்கிறான். இதனைத் தடுக்க நாம் வேண்டுவது நான்கு கிளாம்புகளும், ஐந்து மரத்துண்டுகளும், ஒரு பிற்பகல் உழைப்புமே. இம்முகாம் முடிந்து ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் இவ்வாரத்திலேயே ஒரு பட்டறைக்குச் சென்று, அங்குள்ள அணைசட்டத்தின் பின்முனையை, ரம்பம் நின்றிருக்கும்போது, கையால் அசைத்துப் பாருங்கள். அது அசைந்தால், அங்கிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.